நொடித்த வியாபாரியும் கடை வண்டியும்: மனுப் போடும் முன் அறிய வேண்டியவை

மளிகைக் கடைக்காரர் ஒருவர் கடன் சுமை தாங்காமல் வக்கீலைத் தேடிப் போகிறார் என்றால் வீட்டில் உள்ளவர்கள் முதலில் கேட்பது வீட்டைப் பற்றித்தான். ஆனால் அவர் மனத்தில் ஓடுவது கடை வாசலில் நிற்கும் வண்டி. விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போய் வரவும், மண்டியிலிருந்து மூட்டை எடுத்து வரவும், சுற்றுக் கிராமத்துச் சில்லறைக் கடைகளுக்கு லைன் போகவும் அந்தக் குட்டி யானைதான் அவருக்குக் கைகால். கடையே போனாலும் வண்டி மிஞ்சினால் எதையாவது ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கிறது.

அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் உண்டு என்பதை நம் உறுப்பினர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் ஒருவரும் எதையும் தொட முடியாது" என்று சிலர் நினைக்கிறார்கள். "எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு தெருவில் விட்டுவிடுவார்கள்" என்று வேறு சிலர் பயப்படுகிறார்கள். இரண்டும் சரியல்ல. நாம் சொல்ல வருவதை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். திவால் மனு வண்டியைக் காப்பாற்றாது. வண்டியை வைத்துக்கொள்வதோ மாற்றிக்கொள்வதோ மனுவுக்கு முன்பே, ஒளிவு மறைவில்லாமல் செய்ய வேண்டிய காரியம். மனுவுக்குப் பிறகு அது நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே நடக்கும். இனி விவரங்களைப் பார்ப்போம்.

எந்தச் சட்டம் நமக்குப் பொருந்தும்?

தனி ஒருவர் நடத்தும் கடைக்குக் கடைக் கடன், சொந்தக் கடன் என்ற பிரிவு கிடையாது. கடை பட்ட கடன் முழுவதும் முதலாளி பட்ட கடனே. கூட்டு வியாபாரத்திலும் பங்குதாரர்கள் ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொத்து வரை பொறுப்பாளிகள். ஆகவே கடை நொடித்தால் அந்த மனிதரே நொடித்ததாகத்தான் பொருள்.

சென்னை மாநகருக்கு 1909-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர் நொடிப்புச் சட்டம். அங்கே மனு உயர் நீதிமன்றத்தில்; சொத்துக்கள் அபிஷியல் அசைனியிடம் போகும். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். இங்கே மனு பெரும்பாலும் சப்-கோர்ட்டில். சொத்துக்கள் நீதிமன்றத்திடமோ அபிஷியல் ரிசீவரிடமோ சேரும். 2016-இல் புதிய திவால் சட்டத் தொகுப்பு ஒன்று வந்தது. ஆனால் தனிநபர்களைப் பற்றிய அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்த உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. சாதாரண மளிகைக்காரருக்கு இன்னும் பழைய சட்டம்தான். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள் ஆகையால் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்தே மேலே பேசுகிறோம்.

ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வரி

வண்டியின் கதியைத் தீர்மானிப்பது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஒரே வரி. அதில் பைனான்ஸ் கம்பெனியின் பெயரோ பாங்கின் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். இதைத்தான் 'ஹெச்.பி. போட்டிருக்கிறது' என்கிறோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி செய்யப்படும் பதிவு இது. இருந்தால் வண்டி அடமானத்தில் உள்ளது. இல்லாவிட்டால் அது தங்கள் தனிச் சொத்து.

முதலில் ஹெச்.பி. உள்ள வண்டி. ஒருவரை நொடித்தவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தவுடன் அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்தையோ ரிசீவரையோ சேர்கிறது. ஈடில்லாத சாதாரணக் கடன்காரர்கள் அதற்குப் பிறகு நீதிமன்ற அனுமதியில்லாமல் வழக்குப் போடவோ சொத்தைப் பிடிக்கவோ முடியாது. ஆனால் அதே 28-ஆம் பிரிவு, அடமானம் பெற்ற கடன்காரர் தம் ஈட்டை விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தொடுவதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அதாவது மண்டிக்காரரும் கைமாற்றுக் கொடுத்தவரும் நிற்பார்கள். வண்டிக் கடன் கொடுத்தவர் நிற்க வேண்டியதில்லை. டியூ நின்றுபோனால் ஐ.பி. இருந்தாலும் வண்டி போகும்.

வண்டியை விற்றும் கடன் தீரவில்லையென்றால் மீதிக்கு அவரும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்கலாம் என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. வண்டி விலை கடனைவிட அதிகமாக இருந்தாலோ, மிச்சப் பணம் ரிசீவருக்கு, அதாவது எல்லாக் கடன்காரர்களுக்கும் பொதுவாகப் போகும். நம் கைக்கு வராது.

கடன் இல்லாத வண்டி தப்புமா?

டியூ முழுவதும் கட்டி ஹெச்.பி. கேன்சல் செய்த வண்டிக்கு ஆபத்தில்லை என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அதுதான் ரிசீவரின் கைக்கு நேராகப் போகும் சொத்து.

நொடித்தவரிடம் விட்டுவைக்க வேண்டியவை எவை என்பதற்கு நொடிப்புச் சட்டம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவைக் காட்டுகிறது. அங்கே உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் உழவுக் கருவிகள், உழவு மாடு, விதை நெல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் பேரில் வரும் பணமும் அதில் உண்டு. தச்சரின் உளிக்கும் உழவரின் மாட்டுக்கும் இடம் உண்டு. வியாபாரியின் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சரக்கு வாங்கி விற்பவர் கைத்தொழிலாளி என்ற சொல்லுக்குள் வருவதும் கடினம்.

சென்னையின் 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் கருவிகளைத் தனியாகச் சொல்கிறது. ஆனால் கருவி, துணிமணி, பாத்திரம், படுக்கை எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்கு மேற்படாமல் என்றுதான் அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது வரம்பு போட்டார்கள். மாட்டு வண்டிக் காலத்தில் எழுதிய தொகை அது. இன்று ஒரு டயர்கூட அந்த விலைக்கு வராது.

வண்டியின் கணக்கைத் தனியாகப் போடுங்கள்

வக்கீலிடம் போகும் முன் ஒரு தாளை எடுத்து வண்டியின் கணக்கை மட்டும் தனியே எழுதுங்கள். இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்.

முதல் கேள்வி: வண்டியில் நம் பணம் எவ்வளவு இருக்கிறது? இன்று விற்றால் 3,20,000 ரூபாய் வரும், கடன் பாக்கி 2,10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,10,000 ரூபாய் நம் பணம். மாறாக வண்டி விலை 2,50,000, பாக்கி 3,40,000 என்றால் வண்டியே நமக்கு 90,000 ரூபாய் கடன். இந்த இரண்டு வியாபாரிகளும் ஒரே முடிவை எடுக்கக் கூடாது. விலைக்கு நம் ஆசையை ஆதாரமாக வைக்காமல், பழைய வண்டி வாங்கி விற்கும் இரண்டு பேரிடம் கேட்டு எழுதுங்கள். பாக்கிக்குப் பைனான்ஸ் கம்பெனியிடம் எழுத்து மூலமாக முடிப்புத் தொகை வாங்குங்கள். டியூ கார்டைப் பார்த்துக் கணக்குப் போட்டால் அபராதமும் மற்றச் செலவுகளும் விட்டுப்போகும்.

இரண்டாவது கேள்வி: வண்டி இல்லாமல் தொழில் நடக்குமா? மாதம் டியூ 11,400, டீசல் 6,000, இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. இவற்றின் மாதப் பங்கு 2,800, டயர் மற்றும் ரிப்பேர் 2,000 என்று வைத்தால் மொத்தம் 22,200 ரூபாய். மண்டிக்கும் மார்க்கெட்டுக்கும் மாதம் 14 நடைதான் என்றால், வாடகை வண்டிக்கு நடை ஒன்றுக்கு 1,100 கொடுத்தாலும் 15,400 ரூபாயில் முடிந்துவிடும். மாதம் 6,800 ரூபாய் மிச்சம். அவருக்குச் சொந்த வண்டி பழக்கமே தவிரத் தேவையல்ல. ஆனால் மாதம் 26 நாளும் லைன் போகிறவருக்கு வாடகை 28,600 ரூபாய் ஆகும். அவருக்கு வண்டிதான் தொழில். அதைக் காப்பாற்றுவதில் அர்த்தம் உண்டு. இவை விளக்கத்துக்கான எண்கள்; உங்கள் நாள்வழியிலிருந்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி தேவையில்லை என்று கணக்கு சொன்னால், மனு வரை போகாமலே அதை விற்றுக் கடன் சுமையைக் குறைக்கலாம். தேவை, ஆனால் இவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை என்றால் சின்னதாக மாற்றலாம். பைனான்ஸ்காரரின் சம்மதத்தோடு நல்ல விலைக்கு விற்று, பாக்கியை அடைத்து, படிவம் 35-இல் அவர் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹெச்.பி.யை நீக்குங்கள். மிஞ்சும் தொகையில் பழைய வண்டி ஒன்றைக் கடனில்லாமல் வாங்கலாம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என்பதும் செலவைக் குறைக்கும். வாங்கும் வண்டியில் முந்தையவரின் ஹெச்.பி. நீங்கியிருக்கிறதா, வரியும் எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கின்றனவா என்று பார்த்தே முன்பணம் கொடுங்கள். எட்டு வருடம் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இதில் ஒன்றை மறக்க வேண்டாம். இப்படி மாற்றுவது, திவாலைத் தவிர்க்க முடியும் என்ற நிலையில் உள்ளவர் செய்ய வேண்டியது. மனு நிச்சயம் என்ற நிலையில் கடனில்லாத வண்டி வாங்கினால் அதையும் ரிசீவருக்கே வாங்கிக் கொடுத்ததாக முடியும்.

மச்சான் பெயருக்கு மாற்றலாமா?

கடன் முற்றியவரிடம் அக்கறையுள்ளவர்கள் சொல்லும் யோசனை எல்லா ஊரிலும் ஒன்றுதான். "அண்ணாச்சி, பேசாம வண்டிய மச்சான் பேருக்கு மாத்தி வச்சிருங்க. எல்லாம் அடங்கின பொறகு திருப்பி எழுதிக்கலாம்." நல்ல மனத்தோடு சொல்லப்படும் இந்த யோசனைதான் நொடித்த வியாபாரியை மேலும் கெடுப்பது.

மாற்றி எழுதிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்கப்பட்ட மனுவின் பேரில் அவர் நொடித்தவர் என்று தீர்ப்பானால், அந்த மாற்றத்தை ரிசீவர் ரத்து செய்ய வைக்க முடியும் என்கிறது 53-ஆம் பிரிவு. நியாயமான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு மட்டுமே பாதுகாப்பு. மச்சான் பணம் கொடுத்ததற்குப் பாங்குக் கணக்கில் தடயம் இல்லையென்றால் அவரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான். சொத்தை மறைத்ததாக நிரூபணமானால் 69-ஆம் பிரிவின்படி ஓர் ஆண்டு வரை சிறை. ஹெச்.பி. உள்ள வண்டியைப் பைனான்ஸ்காரருக்குத் தெரியாமல் கைமாற்றினால் கிரிமினல் புகாருக்கும் இடம் கொடுத்ததாகும்.

இன்னொரு தவறு, நெருக்கிக் கேட்கும் ஒரு கடன்காரருக்கு மட்டும் வண்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுவது. மற்றவர்களைவிட ஒருவருக்குச் சலுகை காட்டும் நோக்கத்தோடு செய்ததாக இருந்து, 3 மாதங்களுக்குள் மனு வந்தால், 54-ஆம் பிரிவின்படி அதுவும் செல்லாது. அவருக்குப் புதிதாக வண்டியின்பேரில் ஹெச்.பி. எழுதிக் கொடுப்பதும் இதே சிக்கலில் மாட்டும்.

மூன்றாவது, ஆர்.சி. புத்தகத்தையும் கையெழுத்துப் போட்ட 29, 30 எண் படிவங்களையும் வட்டிக்காரரிடம் கொடுத்துப் பணம் வாங்குவது. அந்தப் படிவங்கள் பெயர் மாற்றத்துக்கானவை. தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் வண்டியைக் கொடுத்ததற்குச் சமம். மீட்டர் வட்டி, கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அப்படிச் சிக்கியவர்கள் தயங்காமல் சங்கத்தில் வந்து சொல்லலாம்.

மனைவி தம் சொந்த வருமானத்தில் தம் பெயரில் உண்மையாகவே வாங்கிய வண்டி அவருடையது. ஆனால் அதற்கும் பில்லும் பாங்கு ரசீதும் பேச வேண்டும். பிறர் வண்டியை அவர் சம்மதத்தோடு நம் வண்டிபோலவே வியாபாரத்தில் வைத்து ஓட்டினால், அதையும் நொடித்தவரின் சொத்தாகக் கருத 28-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. இரவல் வண்டிக்கும் வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்வது இதனால்தான் நல்லது.

பைனான்ஸ்காரரிடம் முன்கூட்டிப் பேசுங்கள்

இரண்டு டியூ நின்றவுடன் போனை எடுக்காமல் விடுவதும் வண்டியை வேறு ஊரில் நிறுத்துவதும் நம்மவர்களிடம் உள்ள பழக்கம். சீஸிங் ஆட்கள் வந்து நிற்கும்போது பேச எதுவும் மிஞ்சியிருக்காது. டியூ தவறும் முன்பே போய், கெடுவை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். லைன் வசூல் எவ்வளவு, அதில் டியூவுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்ற கணக்கையும் கொண்டு போங்கள். ஓடுகிற வண்டியின் டியூ, ஏலத்தில் விற்ற வண்டியின் விலையைவிட அவருக்கும் லாபம் என்பதை மறக்க வேண்டாம்.

வண்டியை எடுக்கும் உரிமை அவருக்கு இருந்தாலும் எப்படியும் எடுக்கலாம் என்பதில்லை. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-இல் ஒரு தீர்ப்பில் கண்டித்து, சட்ட வழியிலேயே வசூலிக்க வேண்டும் என்று சொன்னது. பாங்குகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் தம் ஒப்பந்தத்தில் எவையெவற்றை எழுத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. எடுக்கும் முன் எவ்வளவு நாள் நோட்டீஸ், எப்போது நோட்டீஸ் வேண்டியதில்லை, எடுக்கும் முறை என்ன, ஏலத்துக்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு, கட்டினால் வண்டியைத் திருப்பித் தரும் முறை, விற்கும் முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தப் பிரதியை எடுத்து இவற்றைத் தேடிப் படியுங்கள். பிரதி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்து தொல்லை தரக் கூடாது என்றும் 2022-இல் ரிசர்வ் வங்கி கூறியது. பதிவில்லாத உள்ளூர் வட்டிக் கடைகளுக்கு இந்த விதிகள் பொருந்தா. ஆகவே யாரிடம் கடன் வாங்குகிறோம் என்பதை ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டும்.

வண்டியை விடுவதைத் தவிர வழியில்லை என்றால் நாமே கொண்டுபோய் ஒப்படைப்பது மேல். சீஸிங் செலவு மிஞ்சும். ஒப்படைக்கும்போது கிலோமீட்டர், டயர், பாட்டரி, ஸ்டெப்னி விவரம் எழுதிய ரசீது வாங்குங்கள். ஏற்றியிருக்கும் சரக்கையும் பில் புத்தகத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்து நல்ல விலை கொடுப்பவர் இருந்தால் அவரை அழைத்துப் போங்கள். ஏலத்தில் விலை குறையும் ஒவ்வொரு ரூபாயும் நம் பெயரில் பாக்கியாக நிற்கும்.

ஜாமீன் போட்டவரை நினையுங்கள்

வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரராகவே இருப்பார். நீதிமன்றம் நொடித்தவருக்கு விடுதலை கொடுத்தாலும் ஜாமீன்தாரருக்கு விடுதலை இல்லை என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. வண்டி விற்றுத் தீராத அந்த 90,000 ரூபாயை அவரிடம் கேட்பார்கள். ஆகவே வக்கீலைப் பார்க்கும் முன் அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்து தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் தெரிந்துகொள்வது அவருக்கு நல்லது. நட்பும் மிஞ்சும். ஜாமீன் போடப் போகிறவர்களும் இந்த ஒரு பத்தியை இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மனு கொடுத்த பிறகு

தீர்ப்பான பிறகு வண்டியைப் பற்றி நாமாக எந்த முடிவும் எடுக்க முடியாது. ஆனாலும் ஒரு வாசல் இருக்கிறது. அதைப் பலர் தட்டிப் பார்ப்பதே இல்லை. 66-ஆம் பிரிவின்படி, கடன்காரர்களின் நன்மைக்காக நொடித்தவரையே தம் வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்தும்படி நீதிமன்றம் நியமிக்கலாம். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சொத்திலிருந்து ஜீவனப் படி கொடுக்கவும் உத்தரவிடலாம். லைன் ஓடினால் கடன்காரர்களுக்கு மாதம் இவ்வளவு வரும், வண்டியை விற்றால் ஒரே முறை இவ்வளவுதான் வரும் என்று கணக்கோடு விண்ணப்பம் போட்டால் கேட்க நியாயம் உண்டு. கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம். இதற்கு ஆதாரம் ஒழுங்கான நாள்வழியும் பேரேடும். மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுகளில் முறையாகக் கணக்கு வைக்காதவருக்கு முழு விடுதலை மறுக்கப்படும் என்று 42-ஆம் பிரிவும் சொல்கிறது.

கடன்காரர்களோடு சமரசம் செய்துகொள்ளவும் 38-ஆம் பிரிவில் வழி உண்டு. கடனை நிரூபித்து, நேரிலோ வக்கீல் மூலமோ வந்திருக்கும் கடன்காரர்களில் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டவர்களும் தொகையில் முக்கால் பங்குக்காரர்களும் ஒப்புக்கொண்டால் நீதிமன்றத்தின் அங்கீகாரத்துக்கு வைக்கலாம். வண்டியை விட்டுக்கொடுத்தால் தவணையாகக் கடன் அடைப்பேன் என்பது அப்படிப்பட்ட சமரசத்தில் ஒரு நல்ல நிபந்தனை.

பழைய வண்டி போய்விட்டது, வேறு வாங்கலாமா என்ற கேள்விக்கு இரண்டு எச்சரிக்கைகள். விடுதலை பெறும் வரை நம் பெயரில் வந்து சேரும் சொத்தும் ரிசீவரைச் சேரும். ஆகவே அவருக்குத் தெரியாமல் வண்டி வாங்குவது வீண். இரண்டாவது, தாம் விடுதலை பெறாத நொடித்தவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் 72-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. வண்டிக் கடன் மட்டுமல்ல, மண்டியில் கடனுக்கு ஒரு மூட்டை எடுப்பதும் இதில் அடங்கும். சொல்லிவிட்டு வாங்கினால் குற்றமில்லை. இந்த நிலையில் நடைக்கு வாடகை கொடுத்து வண்டி அமர்த்துவதும், வேறொருவர் வண்டியில் சம்பளத்துக்கு லைன் போவதும்தான் வம்பில்லாத வழிகள். கௌரவம் பார்த்தால் காலம் நீளும்.

நாம் கேட்க வேண்டியது

இங்கிலாந்தின் 1986-ஆம் ஆண்டுத் திவால் சட்டம், நொடித்தவர் தம் தொழிலில் தாமே பயன்படுத்தத் தேவையான கருவிகளோடு வாகனத்தையும் அவரிடமே விட்டுவைக்கிறது. வண்டி விலை உயர்ந்ததாக இருந்தால் அதை எடுத்து விற்று, தேவைக்குப் போதுமான வேறொன்றை வாங்கிக் கொடுக்கவும் வழி செய்கிறது. பிழைக்கும் வழி இருந்தால்தான் கடன்காரனுக்கும் ஏதாவது கிடைக்கும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் இதைக் கைக்கொண்டது. அதன் 79-ஆம் பிரிவு, தொழிலுக்குத் தேவையான, அடமானத்தில் இல்லாத வாகனத்தை விலக்களிக்கப்பட்ட சொத்துக்களில் சேர்த்திருக்கிறது. அடமானத்தில் உள்ள வண்டிக்கு அங்கேயும் பாதுகாப்பில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சலுகையும் கம்பெனிக்கு உத்தரவாதம் கொடுத்த பெரியவர்களுக்குத்தான் 2019 முதல் கிடைத்தது. அடைத்து முடித்த குட்டி யானையை வைத்துப் பிழைக்கும் சிறு வியாபாரிக்குக் கிடைக்கவில்லை. உளிக்கும் ஏருக்கும் அன்று இடம் கொடுத்த சட்டம் இன்று வியாபாரியின் வண்டிக்கும் இடம் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியை எல்லாருக்கும் அமலாக்கும்படி வணிகர் அமைப்புகள் ஒருமித்துக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து.

அதுவரை உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில. ஆர்.சி.யில் ஹெச்.பி. வரியைப் பாருங்கள். வண்டியின் கணக்கைத் தனியே போடுங்கள். டியூ தவறும் முன் பேசுங்கள். பெயர் மாற்றி மறைக்காதீர்கள். ஜாமீன்தாரரிடம் சொல்லுங்கள். கடை நன்றாக ஓடும்போதே கணக்கை ஒழுங்காக எழுதுங்கள். ஒவ்வொருவர் நிலையும் வேறு வேறாகையால் மனுவில் கையெழுத்திடும் முன் திவால் வழக்கு நடத்திப் பழகிய வக்கீலிடம் எல்லாத் தாள்களையும் காட்டிக் கேட்பது அவசியம். நொடிப்பது வியாபாரத்தில் யாருக்கும் நேரக்கூடியது. நேர்மையாக நொடித்தவருக்கு மண்டியில் மறுபடியும் மூட்டை கிடைக்கும். மறைத்து நொடித்தவருக்குக் கிடைப்பது அரிது.